ஊரார் கூடம்

சுண்ணாம்புக் குன்றுகளின் வழியே – 7

ஆல்ட்வொர்த் கிராமத்து 'தி பெல்' பப்பில் பார் கவுண்ட்டர் கிடையாது. கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சிறு ஜன்னல்தான். அதன் எதிரே போய் நின்றால் உள்ளிருந்து ஒருவர் என்ன வேண்டும் என்று கேட்பார். கேட்டதை ஊற்றி அதே ஜன்னல் வழியாகக் கொடுப்பார். கிளாஸை வாங்கிக்கொண்டு திரும்பினால், சுவரை ஒட்டி மரப்பெஞ்சுகள். தலைமுறை தலைமுறையாக முதுகுகள் சாய்ந்ததில் சுவர்ப்பலகை மினுங்குகிறது. தலைக்கு மேலே மஞ்சளேறிய கூரையும் உத்தரங்களும், மூலையில் ஒரு விறகு அடுப்பு. சுவரில் ஒற்றை முள் கடிகாரம். நிமிஷத்துக்கு முள் கிடையாது. மணி இரண்டைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால் இங்கே போதும். பாட்டு இல்லை, தொலைக்காட்சி இல்லை, செல்போனை எடுக்கக் கூடாது. அந்த அறையில் கேட்பதெல்லாம் பேச்சுக்குரல்தான்.

250 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பம் இந்த பப்பை நடத்துகிறது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே இவர்களுடைய முன்னோர் இதே இடத்தில் பீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டடம் அதைவிடப் பழையது.

தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு வழி தெரியும். ஏவ்பரிக்கு அருகிலுள்ள ஓவர்ட்டன் குன்றில் தொடங்கி ஐவிங்ஹோ பீக்கன் வரை 87 மைல் ஓடும் ரிட்ஜ்வே பாதையில் நடந்துவருகிறோம். சென்ற வாரம் அஃபிங்டனில் குன்றின் சரிவில் வெட்டிய வெள்ளைக் குதிரையைப் பார்த்தோம். அங்கிருந்து கிழக்கே வந்து, பாதை தேம்ஸ் நதியைத் தொடுவதற்கு முன் தெற்கே கொஞ்சம் விலகி இறங்கினால் ஆல்ட்வொர்த். பெர்க்ஷர் மாவட்டத்தின் சின்னஞ்சிறு கிராமம். முதலில் மாதா கோயிலுக்குப் போனேன். 14ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட டி லா பெஷ் குடும்பத்தாரின் ஒன்பது கற்சிலைகள் அங்கே படுத்திருக்கின்றன. ஊரார் அவற்றை 'ஆல்ட்வொர்த் ராட்சதர்கள்' என்கிறார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் கை, கால், மூக்கு உடைபட்ட ராட்சதர்கள். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கான அஞ்சலிக் கவிதையால் புகழ்பெற்ற லாரன்ஸ் பின்யனின் அஸ்தியும் இந்தக் கோயில் மண்ணில்தான் கலந்தது. அங்கிருந்து பப்புக்குச் சில நிமிஷ நடை.

நம் வாசகர்களில் பலருக்கு பப் என்றால் மனதில் வருவது இருட்டும் இரைச்சலும் சுழலும் விளக்கும்தான். இங்கே நான் நுழைந்தபோது எண்பது வயதைத் தொட்ட ஒரு பாட்டி தோட்டத்துப் பக்கம் பேரப்பிள்ளையோடு எலுமிச்சைப் பானம் அருந்திக்கொண்டிருந்தார். சேறு அப்பிய பூட்ஸோடு இரண்டு பெண்கள் குதிரைகளைப் பற்றிக் கவலையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுப்பருகே ஒரு நாய். அதற்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தார்கள். மது அருந்தாதவர் இங்கே வந்து ஒரு ஜிஞ்சர் பீரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஏன் என்று கேட்க ஆளில்லை. குடித்துவிட்டுக் கூச்சல் போடுபவருக்குத்தான் ஜன்னல் திறக்காது.

சாப்பாட்டுப் பட்டியல் சிறியது. மேலே மொறுமொறுவென்று சுட்ட உருண்டை ரொட்டியைக் கீறி, உள்ளே சீஸோ ஹாமோ வைத்துத் தருகிறார்கள். குளிர்காலத்தில் சூப். அவ்வளவுதான். இன்று பல கிராம பப்கள் உணவகங்களாகவே மாறிவிட்டன. மேஜைக்கு மேஜை 'முன்பதிவு' அட்டை. சாப்பிட வராத உள்ளூர்க்காரருக்கு உட்கார இடமில்லை. பெல் இந்தப் பக்கம் போகாமல் நின்றதை அந்தக் குடும்பத்தின் பெரிய துணிச்சலாகவே நினைக்கிறேன்.

ஆர்க்கெல்ஸ் 3பி ஒரு பைன்ட் கேட்டு வாங்கினேன். மேற்கே ஸ்விண்டனில் 1843 முதல் இயங்கும் குடும்ப மதுவடிப்பாலையின் சரக்கு. பெஞ்சில் இடம் தேடியபோது ஒரு பெரியவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கிருந்து நடந்து வர்றீங்க?"

"மேற்கே ஏவ்பரி பக்கத்திலிருந்து."

"பார்லி எப்படி நிக்குது அங்கே?"

வருகிற வழியெல்லாம் சுண்ணாம்பு மண்ணில் பார்லி வயல்களைப் பார்த்திருந்தேன். கதிர் முற்றிச் சாயத் தொடங்கிவிட்டது என்றேன். மழை முந்திவிடுமோ என்று அவருக்குக் கவலை. எதிரே இருந்தவர் இந்த வருஷம் முந்தாது என்றார். என் நாடு, வேலை, வந்த காரணம் எதையும் ஒருவரும் கேட்கவில்லை. பேச்சு மழையிலிருந்து கிரிக்கெட்டுக்குப் போனது. பப்புக்குப் பின்னாலேயே மைதானம் இருக்கிறது. கிரிக்கெட் என்றதும் எனக்கும் நாக்கு வந்துவிட்டது.

என் கிளாஸில் பாதி இருக்கும்போதே பெரியவர் எழுந்தார். "உங்களுக்கும் அதேதானே?" இதை ரவுண்ட் வாங்குவது என்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார். அடுத்த முறை அடுத்தவர் எழுந்திருக்க வேண்டும். யாரும் கணக்கு எழுதுவதில்லை, ஆனால் எல்லோருக்கும் கணக்கு தெரியும். நம் வீட்டுக் கல்யாணங்களில் மொய் எழுதுவதற்கும் இதற்கும் உள்ளுக்குள் ஒரே நியதிதான்: இன்று வாங்கிக்கொண்டால் நாளை திருப்பிச் செய்யும்வரை உறவு அறுபடாது. அடுத்த முறை நான் எழுந்து ஜன்னலுக்குப் போனபோது அந்த பெஞ்சில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று தோன்றியது. மறுநாள் ஊரை விட்டுப் போகிற வழிப்போக்கனுக்கு அது சின்ன விஷயமில்லை.

நிஜமான ஏல் என்கிற இந்த பீர் உயிருள்ள பானம். இதைப் புரிந்துகொள்ளாமல் ஆங்கில பப்பைப் புரிந்துகொள்ள முடியாது. இந்த நடையின் தொடக்கத்தில் வில்ட்ஷர் கிராமம் ஒன்றில் தங்கியபோது அங்கே பப் நடத்தும் அம்மாள் என்னை நிலவறைக்கு அழைத்துப் போனார். குறுகலான படிகள். கீழே ஆண்டு முழுவதும் 11 முதல் 13 டிகிரி வரை குளிர். ஆங்கிலேயர்கள் வெதுவெதுப்பான பீர் குடிப்பார்கள் என்று ஊரெல்லாம் சொல்வது தவறு. அது நிலவறைக் குளிரில் இருக்கும் பீர். ஐஸ் குளிர்ச்சியில் மால்ட்டின் இனிப்பும் ஹாப்ஸின் கசப்பும் நாக்குக்கு எட்டாமல் போய்விடும்.

வரிசையாகப் பீப்பாய்கள் படுக்கவைக்கப்பட்டு, உருளாமல் இருக்க அடியில் ஆப்பு வைத்திருந்தது. சிறியதற்கு ஃபிர்கின் என்று பெயர், 9 காலன், அதாவது 72 பைன்ட் கொள்ளும். மதுவடிப்பாலையிலிருந்து கிளம்பும்போது உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. வந்தவுடன் திறந்து ஊற்ற முடியாது. மேல்பக்க அடைப்பில் மென்மையான மரமுளை ஒன்றைச் சுத்தியலால் அடித்தார் அந்த அம்மாள். 'உஸ்' என்று காற்று கிளம்பி, முளையைச் சுற்றி நுரை பொங்கியது. துணியால் துடைத்தார். சற்று நேரத்தில் மறுபடி பொங்கியது, மறுபடி துடைத்தார். "இது அடங்கணும். அவசரப்படுத்தக் கூடாது" என்றார். நுரை தணிந்தபின் மென்முளையைப் பிடுங்கிவிட்டுக் கட்டைமுளையை அடித்து, மிச்சமிருக்கும் வாயுவை உள்ளே நிறுத்த வேண்டும். பிறகு முன்பக்க வட்டத்தில் குழாயை வைத்து, மரச் சம்மட்டியால் ஒரே அடி. இரண்டாவது அடிக்கு இடமில்லை. தயங்கினால் பீர் முகத்தில் பீய்ச்சும். கசடு அடியில் படிந்து தெளிய ஒரு நாள் ஆகும். தெளிந்ததா என்று சின்ன கிளாஸில் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மறுபக்கம் இருக்கும் விரல் தெரிய வேண்டும்.

மேலே பாரில் நாம் பார்க்கும் நீண்ட கைப்பிடி வெறும் பம்புதான். 1797இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற ஏற்பாடு. வாயு அழுத்தம் ஏதும் இல்லாமல், கைபலத்தால் நிலவறையிலிருந்து பீர் மேலே வருகிறது. இழுக்க இழுக்கக் குறையும் பீரின் இடத்தைப் பீப்பாய்க்குள் காற்று பிடித்துக்கொள்கிறது. காற்று பட்டால் பீர் கெடத் தொடங்கும். மூன்று நாள் கெடு. அதற்குள் 72 பைன்டும் விற்றாக வேண்டும், இல்லையென்றால் சாக்கடைதான்.

அந்த மூன்று நாள் கெடுவைக் கேட்டபோதுதான் கிராம பப்பின் கதை முழுவதும் எனக்கு விளங்கியது. ஊர்க்காரர்கள் வந்துபோனால்தான் பீர் நன்றாக இருக்கும். பீர் நன்றாக இருந்தால்தான் ஊர்க்காரர்கள் வருவார்கள். இந்தச் சக்கரம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் மறுபடி சுழற்றுவது மிகக் கடினம்.

1960களில் பெரிய மதுவடிப்பாலைகள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று முடிவெடுத்தன. ஈஸ்ட்டை வடிகட்டி, சூடாக்கிக் கிருமி நீக்கி, வாயு ஏற்றி உலோகக் கலனில் அடைத்த பீரை நாடு முழுவதும் அனுப்பின. எங்கே குடித்தாலும் ஒரே சுவை, நிலவறையில் யாருக்கும் வேலை இல்லை. ஊருக்கு ஊர் மாறும் சுவை மறையப்போகிறது என்று கவலைப்பட்ட நான்கு இளைஞர்கள் 1971இல் தொடங்கிய இயக்கம்தான் காம்ரா. நிஜ ஏலைக் காப்பாற்றுவது அதன் நோக்கம். ஒரு பானத்துக்காகத் தொடங்கி லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைச் சேர்த்த நுகர்வோர் இயக்கம் வேறெங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆண்டுதோறும் காம்ரா நாட்டின் சிறந்த பப்பைத் தேர்ந்தெடுக்கிறது. 1990இல் ஒருமுறை, 2019ஆம் ஆண்டுக்காக மறுமுறை அந்தப் பட்டம் பெல்லுக்குக் கிடைத்தது. நடுவே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். கடையில் மாற்றம் எதுவும் இல்லை.

ஆனால் பெல் ஒரு விதிவிலக்கு. 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் 60,000க்கும் அதிகமான பப்கள் இருந்தன. இப்போது சுமார் 45,000. சூப்பர் மார்க்கெட்டில் மலிவான பீர், 2007இல் இங்கிலாந்தில் வந்த புகைத்தடை, வரி, மின்சாரக் கட்டணம் என்று காரணங்களை அடுக்குகிறார்கள். எல்லாம் உண்மை. நான் கேட்டவரை, அவற்றைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கட்டடம் யாருடையது?

நெடுங்காலமாக இங்கிலாந்து பப்களில் பெரும்பகுதி மதுவடிப்பாலைகளின் சொத்து. நடத்துபவர் குத்தகைதாரர், வாடகை கொடுப்பதோடு சரக்கையும் அதே ஆலையிடம்தான் வாங்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு போட்டியைக் கெடுக்கிறது என்று 1989இல் அரசு ஆணை போட்டது. பெரிய ஆலைகள் ஆயிரக்கணக்கான பப்களைக் கைமாற்ற நேர்ந்தது. நோக்கம் நல்லதுதான். வாங்கியவர்கள் யார் என்பதில்தான் வினை வந்தது. பீர் வடிக்காத, பப்களைச் சொத்தாக மட்டும் வைத்திருக்கும் பெருநிறுவனங்கள் முளைத்தன. கடன் வாங்கி வாங்கிக் குவித்தன. குத்தகைதாரரின் கட்டு அவிழவில்லை; முடிச்சுப் போடும் கை மாறியது, அவ்வளவுதான். 2016இல் சட்டம் மறுபடி தலையிட்டு, பெரிய நிறுவனங்களின் குத்தகைதாரர்கள் சரக்குக் கட்டுப்பாடின்றிச் சந்தை வாடகை மட்டும் கொடுக்கும் உரிமையைக் கேட்க வழி செய்தது. அதற்குள் எத்தனையோ ஊர்களில் பெயர்ப்பலகை இறங்கிவிட்டது. பப்பாக ஈட்டுவதைவிட வீடாக விற்றால் அந்தக் கட்டடத்துக்கு அதிக விலை.

2023 ஆகஸ்ட்டில் ஸ்டாஃபர்ட்ஷரின் ஹிம்லியில் நடந்ததை அந்த வட்டாரமே இன்னும் ஆறாத கோபத்தோடு பேசுகிறது. அங்கே 'தி க்ரூக்கட் ஹவுஸ்' என்று ஒரு பப். 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அடியில் நிலக்கரி தோண்டியதில் ஒரு பக்கம் அமிழ்ந்து, கோணலாகவே நின்றது. உள்ளே மேஜையில் கோலிக்குண்டை வைத்தால் மேட்டை நோக்கி உருளுவதுபோலத் தோன்றும். அதைக் காட்டவே பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள். அந்த பப் விற்கப்பட்டது. சில நாட்களில் தீப்பிடித்தது. தீ அணைந்த இரண்டே நாளில் அனுமதியின்றி இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பழையபடியே கட்டித்தர வேண்டும் என்று 2024இல் உள்ளாட்சி மன்றம் உத்தரவிட்டது. இடிந்த செங்கல்லைத் திரும்ப அடுக்கலாம். அங்கே வழக்கமாக உட்கார்ந்திருந்தவர்களை எப்படித் திரும்ப அடுக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை வடக்கே, கம்ப்ரியா மலையடிவாரத்தில் இருக்கிறது. ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூர். அங்குள்ள 'தி ஓல்ட் க்ரவுன்' பப்பின் பின்கட்டுக் கொட்டகையில் 1988இல் ஒரு சின்ன மதுவடிப்பாலை தொடங்கியது. சுற்றியுள்ள மலைகளின் பெயர்களையே தன் ஏல்களுக்கு வைத்தது. ஆலையை நடத்தியவர்கள் ஓய்வுபெற நினைத்தபோது, 1999இல் ஊராரும் அபிமானிகளும் பங்கு போட்டுக் கூட்டுறவாக அதை வாங்கினார்கள். 2003இல் பப்பும் விற்பனைக்கு வந்தது. வெளியூர் நிறுவனம் எதுவும் வந்து பீப்பாய்களை அகற்றிவிடக் கூடாது என்று அதையும் அவர்களே வாங்கிவிட்டார்கள். பிரிட்டனில் கூட்டுறவு முறையில் ஊரார் வாங்கிய முதல் பப் அதுதான் என்று சொல்கிறார்கள்.

பங்குக்குப் பங்கு ஓட்டு என்றால் பணக்காரர் ஒருவர் ஊரையே ஆட்டிவைக்கலாம். கூட்டுறவில் ஆளுக்கு ஓர் ஓட்டு. ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் ஆட்டுப்பண்ணைக்காரருக்கும் ஒரே எடை. லாபம் பெரிதாக வராது என்று தெரிந்துதான் இப்படிப் பணம் போடுகிறார்கள். தங்களுடைய சேமிப்பின் ஒரு பகுதி, மாலையில் வெளிச்சம் தெரியும் ஒரு வாசலாக மாறினால் அவர்களுக்குப் போதும்.

ஹெஸ்கெட் நியூமார்க்கெட் தனித்து நிற்கவில்லை. 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம் கிராமங்களுக்கு ஒரு பிடிமானம் கொடுத்தது. தங்கள் பப்பை 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று ஊரார் உள்ளாட்சியில் பதிவுசெய்யலாம். அப்படிப் பதிவான கட்டடம் விற்பனைக்கு வரும்போது, நாங்கள் வாங்க முயல்கிறோம் என்று ஊர் சொன்னால் ஆறு மாதம் அவகாசம். அந்த ஆறு மாதத்தில் கடிதம் எழுதி, கூட்டம் போட்டு, வீடுவீடாகப் போய்ப் பங்கு சேர்க்க வேண்டும். உரிமையாளர் கடைசியில் ஊருக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. அது பெரிய ஓட்டை. அப்படியும் நூற்றுக்கும் மேற்பட்ட பப்கள் இன்று ஊராரின் கையில் இருக்கின்றன. கிராமக் கூட்டுறவுக்கு வழிகாட்டும் பிளங்கெட் அறக்கட்டளை சட்ட ஆலோசனை தருகிறது. 2001இல் தொடங்கிய 'பப் இஸ் த ஹப்' என்ற அமைப்பு, அஞ்சலகம் மூடப்பட்ட ஊரில் பப்புக்குள்ளேயே அஞ்சலகம் வைக்கவும், மளிகை விற்கவும், நூலக அலமாரி போடவும் கைகொடுக்கிறது. தபாலுக்கு வந்த மூதாட்டி இரண்டு பேரோடு பேசிவிட்டுப் போகிறார். வாரம் முழுவதும் வேறு பேச்சே இல்லாத வீடுகள் அந்தக் கிராமங்களில் நிறைய.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் தன் மனதுக்குகந்த பப்பைப் பற்றி ஒரு நாளிதழில் எழுதினார். லண்டன் சந்து ஒன்றில் இருப்பதாகச் சொல்லி, பேசுவதற்கேற்ற அமைதி, ஆளைப் பேர்சொல்லி அறிந்த பணியாளர்கள், பிள்ளைகளும் விளையாடக்கூடிய தோட்டம் என்று வர்ணித்துக்கொண்டே போய், அப்படியொரு பப்பே இல்லை என்று கடைசியில் சொன்னார். பீகாரின் மோதிஹாரியில் பிறந்த அவருடைய கல்லறை, ஆல்ட்வொர்த்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் சட்டன் கோர்ட்னி கிராமத்தில் இருக்கிறது. அவர் பட்டியலிட்டதில் பெரும்பாலானவற்றை பெல்லில் நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இந்த வாரம் முழுவதையும் ஓர் அறைக்கே கொடுத்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மேஜையில் உட்கார்ந்து ஆள் வருவார் என்று காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். நீங்களே எழுந்து போய்க் கேட்க வேண்டும். பாரில் வரிசை கட்டி நிற்பதில்லை, ஆனால் யாருக்குப் பின் யார் என்பது ஊற்றுபவருக்குத் தெரியும். பணத்தை ஆட்டிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. மனசிருந்தால் "உங்களுக்கும் ஒன்று" என்று சொல்லலாம். எது நன்றாக இருக்கும் என்று குழம்பினால், இன்று எந்தப் பீப்பாய் புதிதாகத் திறந்தது என்று கேளுங்கள். ஒரு வாய் ஊற்றிக் கொடுத்துச் சுவை பார்க்கச் சொல்வார்கள். முதல் உலகப் போரின்போது ஆயுதத் தொழிலாளர்களுக்காகக் கொண்டுவந்த மதிய மூடல் சட்டம் 1988இல் போய்விட்டது. பெல் மட்டும் மதியம் சாத்தி மாலையில் திறக்கும் பழைய வழக்கத்தை விடவில்லை. திங்கட்கிழமைகளில் விடுமுறை. நேரம் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அடுத்த வாரம் ஸ்ட்ரீட்லி சரிவில் இறங்கி, தேம்ஸ் நதியைத் தாண்டி கோரிங்குக்குப் போவோம்.

(நடை தொடரும்)